ஐங்காலியும் அக்காவின் பெட்டியும்

என் அக்கா வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், "கதவு வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். நான் லிஃப்ட் மெக்கானிக். அதனால் கேட்டவர்கள், "அட, ரெண்டு பேரும் ஒரே தொழிலா" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அவருடைய கதவு கண்ணுக்குத் தெரியாது, அதற்குக் கீல் கிடையாது, அது திறந்திருந்து அவரே பார்த்ததில்லை என்றெல்லாம் விளக்க ஆரம்பித்தால் கேட்பவருக்கும் தலை சுற்றும், எனக்கும் வேலை கெடும்.

அத்தானுக்குச் சம்பளம் கொடுப்பது ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். ஒப்பந்த வேலை. சில வருஷங்களுக்கு ஒருமுறை ஒரு குழு கூடி, இவர் இன்னும் கொஞ்ச காலம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும்.

"என் கதவு ஒரு நாள் திறக்கலன்னா நாலாவது மாடிக்காரன் போன் பண்ணித் திட்டுறான். உங்க கதவு பதினோரு வருஷமா திறக்கல, உங்களுக்குக் கை தட்டுறாங்க," என்பேன்.

"மூடியிருக்கிறதையும் ஒருத்தன் ஒழுங்கா பாக்கணும்ல மச்சான்," என்பார், கோபமே இல்லாமல். எங்கள் குடும்பத்தில் கோபம் என் இலாகா. எனக்கு வந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

அவருக்கு வேறொரு உபாதை உண்டு. கோணலாக எதைக் கண்டாலும் கை துறுதுறுக்கும். பல் டாக்டரின் அறையில் மாட்டிய படம் சாய்ந்திருந்தால், வாயில் பஞ்சோடு எழுந்துபோய் நேராக்கிவிட்டு வந்து படுப்பார். ரொட்டியில் ஜாம் தடவினால் அது நான்கு மூலைக்கும் சமமாகப் போய்ச் சேர வேண்டும். வாசலில் நான் கழற்றிப்போடும் செருப்பு ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமுமாகக் கிடக்கும். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நிற்கும். இப்படிப்பட்ட மனிதருக்கு என் அக்காவைக் கட்டிவைத்தது யார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். காதல் திருமணம். குறை சொல்லக்கூட ஆள் இல்லை.

அக்காவோ எதையும் தூக்கிப் போட மாட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகள் தெர்மோகோல் பெட்டியில் வரும். மருந்து கடையில் இறங்கும், காலிப் பெட்டி அக்காவோடு வீட்டுக்கு வரும். பெட்டிக்குள் இருந்த ஐஸ் பை, பெட்டியைச் சுற்றிய நாடா எல்லாம் கூடவே வரும். "எதுக்குக்கா?" என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பாள். அந்த ஒரு "இருக்கட்டும்"தான் அந்த வீட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

நான் அதே கட்டடத்தில் ஒரு மாடி மேலே குடியிருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. சமைக்கத் தெரியும், ஆனால் அதை அக்காவிடம் சொன்னதில்லை. தினமும் சாயங்காலச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். அதற்குப் பதிலாக அவர்கள் வீட்டுப் பால்கனிக் கதவைச் சரிசெய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். காற்று அடித்தால் அது படாரென்று சாத்திக்கொள்ளும். ஒரு கொக்கி போட்டால் போதும். "ஊர்ல உள்ள லிஃப்ட் கதவெல்லாம் சரி பண்றான், அக்கா வீட்டுக் கதவுக்கு ஒரு கொக்கி போடத் துப்பு இல்ல," என்று அக்கா சொல்வாள். "அடுத்த வாரம்க்கா," என்று நான் சொல்வேன். இது வருஷக்கணக்கில் நடந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா ஒரு பெட்டியை அந்தக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்துவிட்டாள்.

இனி அத்தானின் கதவு. செல் என்பது மெல்லிய சவ்வு சுற்றிய சின்ன அறை. அதற்குள் நடக்கும் எத்தனையோ வேலைகளுக்கு மெக்னீசியம் வேண்டும். அது இல்லாவிட்டால் செல் தன்னிடம் இருக்கும் சக்தியைக்கூட ஒழுங்காகச் செலவழிக்க முடியாது. ஆனால் மின்னூட்டம் உள்ள மெக்னீசியத்தால் சவ்வை ஊடுருவிப் போக முடியாது. போதாக்குறைக்கு அது தண்ணீர் மூலக்கூறுகளைக் கம்பளி மாதிரி சுற்றிக்கொண்டு வேறு திரியும். அது நுழைவதற்கென்றே சவ்வில் நிற்கும் வாசல்களில் ஒன்றுதான் அத்தானின் புரதம். பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. ஒரே மாதிரியான ஐந்து புரதச் சங்கிலிகள் கால்கள் மாதிரி வட்டமாக நின்று நடுவில் ஒரு வழியை உண்டாக்கியிருக்கும். ஆங்கிலக் கட்டுரைகளில் அதற்கு ஒரு பெயர் உண்டு. நான்கு கால் இருந்தால் நாற்காலி, ஐந்து கால் இருந்தால் ஐங்காலி என்று நான் சொல்லிவைக்க, வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

செல்லுக்குள் மெக்னீசியம் போதுமான அளவு இருக்கும்போது, அதில் சில, ஐங்காலியின் கால்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் உட்கார்ந்து ஐந்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வாசல் மூடியிருக்கும். உள்ளே மெக்னீசியம் குறைந்தால் இடுக்கில் இருந்தவையும் எழுந்து போய்விடும். கால்கள் தளரும், உருவம் மாறும், வாசல் திறக்கும், வெளியில் இருக்கும் மெக்னீசியம் உள்ளே வரும். போதுமான அளவு வந்ததும் மறுபடி இடுக்கில் போய் உட்கார்ந்து மூடிக்கொள்ளும்.

"வர்ற விருந்தாளியே தாழ்ப்பாளும் போட்டுக்கிறான்," என்று ஒருநாள் சொன்னேன். அத்தான் சாப்பாட்டை விட்டுவிட்டு அதைக் குறித்துக்கொள்ளப் பேனா தேடினார்.

அக்காவுக்கு இதில் பெரிய மரியாதை கிடையாது. "கடைல மலச்சிக்கலுக்கு மெக்னீசியம் பாட்டில் பாட்டிலா விக்கிறேன். ராத்திரி குடிச்சா காலைல வேலை முடியுது. இவருக்கு ஒரே ஒரு மெக்னீசியம் உள்ள போறதப் பாக்கப் பதினோரு வருஷம்," என்பாள்.

தளர்ந்த கால்கள் எப்படி நகர்ந்து வழி விடுகின்றன என்பதுதான் அத்தானின் கேள்வி. பதிலும் அவரே வைத்திருந்தார். ஐந்து விரல்களையும் குவித்துக் காட்டுவார்: மூடியிருக்கிறது. பிறகு ஐந்தையும் ஒரே நேரத்தில் ஒரே அளவு விரிப்பார்: திறந்துவிட்டது. பூ மலர்வது மாதிரி. மூடிய உருவம் அவரிடம் தெளிவாக இருந்தது. அதை வைத்துத் திறந்த உருவம் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து, படம் வரைந்து, ஒரு கட்டுரையும் எழுதினார். படம் உண்மையிலேயே அழகு. அக்கா அதைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, கல்யாண நாளுக்கு அவருக்குப் பரிசாகக் கொடுத்தாள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும். ஒருநாளும் அது சாய்ந்து நான் பார்த்ததில்லை.

ஐங்காலியைப் படம் பிடிப்பது தனி வித்தை. ஒரு சொட்டுத் திரவத்தைச் சல்லடை மாதிரியான சின்னத் தகட்டில் வைத்து, கண் மூடித் திறப்பதற்குள் உறையவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுப்பார்கள். கிடைப்பது பழைய டிவியில் பறக்கும் புள்ளிகள் மாதிரி இருக்கும். ஒவ்வொரு புள்ளிக் கூட்டமும் ஓர் ஐங்காலி. லட்சக்கணக்கில் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் உருவம் தெளியும். அடுக்குவது கம்ப்யூட்டர். அதனிடம் முன்கூட்டியே, "இது ஐந்து பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவைக்கலாம். சொல்லிவிட்டால் அது எல்லாவற்றையும் ஐந்து பக்கமும் சுழற்றிச் சராசரி எடுத்து, பளிச்சென்று ஓர் உருவம் கொடுக்கும். ஒத்துவராத கோணல்கள் எல்லாம் உறையும்போது உடைந்தவை என்று ஒதுக்கப்படும். அத்தானின் கம்ப்யூட்டரில் அவற்றுக்கு ஒரு தனி இடம் இருந்தது. பெயர் "குப்பை".

மெக்னீசியத்தை அடியோடு நீக்கிய மாதிரிகளைப் படம் பிடித்தபோது குப்பை மலை மாதிரி வந்தது. அத்தான் தன்னைத்தான் நொந்துகொண்டார். "கை பழகல போல, உறைய வைக்கிறதுல எங்கயோ கெடுத்துடறேன்," என்பார். குப்பையைத் தள்ளிவிட்டு மிச்சத்தை அடுக்கினால், ஐந்து பக்கமும் சமமாக, அம்சமாக, மூடிய ஐங்காலியே மறுபடியும் வந்து நிற்கும்.

ஆய்வுக்கூடத்தின் சேமிப்பில் இடம் நிரம்பியதும், குப்பையை அழித்துவிடலாம் என்று முதல் ஆளாகச் சொன்னவர் அத்தான்தான். அழித்தார்கள். அதன் நகல்கள் சில ஹார்டு டிஸ்க்குகளில் இருந்தன. அங்கே கழிவாகப் போட நான்கு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், எங்கள் தெருவுக்கோ மின்கழிவு வண்டியே வரும் என்பதால், அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, "வண்டி வந்தா போட்டுடும்மா" என்று அக்காவிடம் கொடுத்தார்.

அந்தச் சூட்டோடு சூடாக வீட்டையும் ஒழித்தார். அக்கா ஏதோ பயிற்சிக்காக வெளியூர் போயிருந்த நேரம். அத்தான் எடுத்துக்கொடுக்க, நான் என் கம்பெனி வண்டியில் ஏற்றி, பழைய சாமான் கடையில் இறக்கினேன். பெட்டிகள், மூடிகள், நாடாக்கள், பழைய மூக்குக் கண்ணாடிகள் நிறைந்த ஒரு செருப்பு டப்பா. பால்கனிக் கதவுப் பெட்டியை மட்டும் விட்டுவைத்தோம், கதவு சாத்திக்கொள்ளுமே என்று. அக்கா திரும்பி வந்து வெற்று அலமாரிகளைப் பார்த்தாள். அத்தான், "பாத்தியா, எவ்ளோ காத்தோட்டமா இருக்கு" என்றார். அவள் பையைக்கூடப் பிரிக்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள். நான் அன்றைக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு என் வீட்டிலேயே சாப்பிட்டேன்.

ஒரு வருஷம் போயிற்று. குழு கூடும் தேதி வந்தது. இந்தத் தடவை நிலைமை சரியில்லை. திறந்த கதவைக் காட்டினால்தான் ஒப்பந்தம் நீளும் என்று ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர் அம்மா சொல்லிவிட்டார். நீளாவிட்டால் தொலைதூரத்து ஊர் ஒன்றில் தண்ணீரைப் பரிசோதிக்கும் கம்பெனியில் வேலை இருந்தது. அத்தான் போக வேண்டும். அக்கா தன் கடையை விட்டுவிட்டுக் கூடப் போக வேண்டும். நான் வேலை முடிந்து படியேறும்போது கீழ் வீட்டில் விளக்கு எரியும். அது எரியாத கட்டடத்தில் எனக்கு வீடு இருந்து என்ன பிரயோஜனம். இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து அத்தானுக்குச் சளி பிடித்தது. அக்கா கடையிலிருந்து ஒரு சிரப் கொண்டுவந்து கொடுத்தாள். தூக்கம் வரும் சிரப். அதைக் குடித்துவிட்டு, அரைக் கண்ணோடு வேலைக்குப் போன அத்தான், வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தார். மெக்னீசியம் இல்லாத மாதிரியின் மிச்சப் படங்களைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கும்போது, ஐந்து பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று அதனிடம் சொல்ல மறந்துவிட்டார். வழக்கமாக அந்த இடத்தில் ஐந்து என்று எழுத வேண்டும். அங்கே ஏற்கெனவே இருந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டார், எந்தப் பக்கமும் இன்னொன்றைப் போல இருக்க வேண்டியதில்லை என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் ஓர் உருவத்தைக் கொடுத்திருந்தது. மங்கலாக, அருவருப்பாக, ஒரு கால் சாய்ந்து, ஒரு கால் விலகி, யாரோ உட்கார்ந்து உடைத்த ஐங்காலி. அத்தான் அதைக் குப்பையில் போடக் கையை வைத்துவிட்டார். அப்போதுதான் நடு வழியைப் பார்த்தார். அது மூடிய உருவத்தில் இருந்ததைவிட அகலமாக இருந்தது.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கும் போன் பண்ணிவிட்டார். நான் வந்தபோது சோபாவில் உட்கார்ந்து ஐந்து விரல்களையும் குவித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விரலை மட்டும் சாய்த்தார். இன்னொன்றை வெளிப்பக்கம் தள்ளினார். மூன்றாவதை மடக்கினார். சுளுக்கிய கை மாதிரி இருந்தது.

"அது பூ மாதிரி திறக்கல மச்சான். ஒவ்வொரு காலும் ஒவ்வொரு பக்கம் போகுது. பிடிச்சு வச்சிருந்த மெக்னீசியம் போனதும் அஞ்சும் தளந்து ஆடுது. அந்த ஆட்டத்துல வழி கிடைக்குது."

"அப்ப கண்டுபிடிச்சிட்டீங்க. முகம் ஏன் தொங்கிக் கெடக்கு?"

"இது மங்கலா இருக்கு. கோணலா இருந்ததையெல்லாம்தான் நான் முன்னாடியே பொறுக்கி எடுத்துட்டேனே. தப்பிச்சது கொஞ்சம்தான் இதுல இருக்கு. தெளிவாக் காட்டணும்னா அந்தக் குப்பை வேணும்."

புதிதாகப் படம் எடுக்கலாமே என்றேன். அந்த மாதிரியைத் தயார் செய்யவே மாதக்கணக்கில் ஆகும், நுண்ணோக்கியில் முறை வருவதற்கு அதைவிட நாளாகும், குழு கூட மூன்று வாரம்தான் இருக்கிறது என்றார். திறந்த கதவைத் தேடிப் பதினோரு வருஷம் அலைந்தவர், அதைக் கூடை கூடையாக அள்ளி வெளியே கொட்டியிருக்கிறார். கிண்டல் பண்ண இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

அக்கா கடையிலிருந்து வரும்வரை அவர் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். அவள் பையைக் கீழே வைப்பதற்குள் கேட்டார். "போன வருஷம் கொஞ்சம் டிஸ்க் குடுத்தேனே, அத என்னம்மா பண்ணுன?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான தூக்கிப் போடச் சொன்னீங்க."

"போட்டுட்டியா?"

"இந்த வீட்ல எதை வச்சுக்க விட்டீங்க?" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வண்டிச் சாவியை எடுத்தேன். பழைய சாமான் கடைக்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க, இன்னும் இருக்கா?" என்று சிரித்தபடி கேட்டார். ஒரு வருஷத்துக்கு முந்தைய டிஸ்க்கைத் தேடுகிறோம் என்றதும் அவர் சிரிப்பு பெரிதானது. "அதெல்லாம் இந்நேரம் உருக்கி வேற என்னவோ ஆயிருக்கும் சார்," என்றார். இருந்தாலும் அத்தான் விடவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, துருப்பிடித்த மின்விசிறிகளுக்கும் உடைந்த பிரிண்டர்களுக்கும் நடுவே குனிந்து தேடினார். கோணல்மாணலாகக் கிடந்த ஒரு குவியலை நேராக அடுக்கிவைக்காமல் அவர் தாண்டிப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

வெறுங்கையோடு திரும்பினோம். அவர் சட்டையெல்லாம் கிரீஸ். அக்கா சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். "புழுக்கமா இருக்கு. அந்தக் கதவைத் திறந்து வைடா," என்றாள் என்னிடம்.

நான் பால்கனிக் கதவைத் திறந்து, வழக்கம்போலப் பெட்டியைக் காலால் நகர்த்தினேன். வழக்கம்போலக் கட்டைவிரல் வலித்தது. அந்தப் பெட்டியை ஒரு வருஷமாக நான் உதைத்துக்கொண்டிருக்கிறேன். தெர்மோகோல் பெட்டி இவ்வளவு கனமாக இருக்காதே என்று எனக்கு ஒருதரம்கூடத் தோன்றியதில்லை. குனிந்து மூடியைத் திறந்தேன். பழைய துண்டு ஒன்றில் சுற்றி, டிஸ்க்குகள் வரிசையாக இருந்தன.

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

"நான்தான வச்சேன். பெட்டி காத்துல பறந்துச்சு. உள்ள கனமா ஏதாவது வேணும்ல."

"அப்ப எங்களை ஏன் அந்தக் கடைக்கு விட்ட?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். "ஒரு பெரியவர் கடைல மறந்து வச்சிட்டுப் போன கண்ணாடி அந்தச் செருப்பு டப்பாவுல இருந்துச்சு. என்னைக்காவது வருவார்னு வச்சிருந்தேன். நீங்க ரெண்டு பேரும் ஒழிச்ச அடுத்த வாரம் வந்தார். அவரு வீட்டம்மாவோட கண்ணாடியாம். அவங்க தவறிட்டாங்களாம். 'இருக்காம்மா'ன்னு கேட்டார். இல்லன்னேன். தூக்கிப் போட்டதத் தேடுறது எப்படி இருக்கும்னு ஒரு மணி நேரமாவது உங்களுக்குத் தெரியட்டும்னுதான் விட்டேன்."

அத்தான் தரையிலிருந்து எழவில்லை. அந்த டப்பாவை வண்டியில் ஏற்றியவன் நான் என்பதால் நானும் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

பால்கனியில் மழைச் சாரல் பட்டு ஒரு டிஸ்க் செத்திருந்தது. மற்றவை பிழைத்துக்கொண்டன. அத்தான் குப்பையை எல்லாம் மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றி, இந்தத் தடவை ஐந்து என்று சொல்லாமல், அதன் போக்கில் பிரிக்க விட்டார். சிரப் எதுவும் குடிக்காமலே செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். உண்மையிலேயே உடைந்தவை நிறைய இருந்தன. அவற்றைத் தள்ளியபிறகு, விதவிதமாகச் சாய்ந்த ஐங்காலிகள் கூட்டம் கூட்டமாக வந்தன. அதில் ஒன்று தெளிவாக இருந்தது. கோணல். நடுவில் வழி.

அவர் அந்தப் படத்தைக் கைபேசியில் எனக்குக் காட்டினார். "பல் விழுந்த மாதிரி இருக்குல்ல?" என்று கேட்டார். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கை துறுதுறுத்தது எனக்குத் தெரியும்.

பேராசிரியர் அம்மாவுக்கு வேறு கவலை. "இது அவசரத்துல செஞ்சது. அடுத்த வருஷம் இன்னும் உறுதி பண்ணிட்டு வெளிய விடலாம். குழுவுக்கு இப்ப பூவையே காட்டுங்க. மங்கலா வந்ததை வச்சு, திறக்குது, நடு வழி விரியுதுன்னு மட்டும் சொல்லுங்க. அவங்களுக்கு அந்தப் பூ பிடிச்சிருக்கு. உங்க கட்டுரையை நீங்களே தப்புன்னு சொன்னா, யாரு உங்களுக்குக் காசு குடுப்பா?" என்றாராம். நியாயமான கேள்விதான். சாயங்காலம் அத்தான் இதைச் சொல்லிவிட்டு, சுவரில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எது தோணுதோ அதச் செய்யுங்க," என்றாள் அக்கா. "அந்த ஊர்லயும் மருந்துக்கடை இருக்கும்." அவள் குரல் சரியாக இல்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினேன்.

குழு கூடிய நாளில், அந்தக் கட்டடத்து லிஃப்டுக்குத் திடீரென்று பராமரிப்பு தேவைப்பட்டது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். கருவிப் பையோடு கூட்ட அறையின் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றுகொண்டேன். ஒருவர் என்னிடம் ஏசியைக் குறைக்கச் சொன்னார். தலையை ஆட்டிவைத்தேன்.

அத்தான் பூவைக் காட்டினார். பிறகு கோணலைக் காட்டினார். விரல்களைக் குவித்து, ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். குழுவில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த அம்மையார் ஒருவர் கேட்டார். "அப்ப உங்க கட்டுரைல இருக்கிற பூ?"

பேராசிரியர் அம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புங்க," என்றார் அத்தான். "அஞ்சும் ஒரே மாதிரி விரியும்னு நான்தான் நெனச்சேன். அது அப்படி விரியல. கதவு எப்பவோ திறந்து காட்டிடுச்சு. கோணலா இருக்குன்னு நான்தான் குப்பைல போட்டேன்."

"குப்பைல போட்டது திரும்ப எப்படிக் கெடச்சுது?"

"என் வீட்ல ஒருத்தர் எதையும் தூக்கிப் போட மாட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் கருவிப் பையைக் கீழே போட்டுவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், வெளியே வந்துவிட்டேன்.

மறுவாரம் முடிவு வந்தது. மூன்று வருஷம் கேட்டதற்கு ஒரு வருஷம் கொடுத்திருந்தார்கள். மறுபடி புதிய மாதிரி செய்து, இதே கோணல் திரும்ப வருகிறதா என்று காட்ட வேண்டுமாம். பேராசிரியர் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பூவைக் காட்டியிருந்தால் மூன்றும் கிடைத்திருக்கும் என்று இன்னும் சொல்கிறாராம். எனக்கு ஒரு வருஷம் போதும். அடுத்த ஒரு வருஷத்துக்குப் படியேறும்போது கீழ் வீட்டில் விளக்கு எரியும்.

அன்று சாயங்காலம் நான் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு கொக்கியும் நாலு திருகாணியும் கொண்டுபோனேன். பால்கனிக் கதவில் அதைப் பொருத்திக்கொண்டிருந்தபோது அத்தான் வந்தார். கையில் அதே தெர்மோகோல் பெட்டி. டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் ஏற்றிவிட்டதால் பெட்டி காலியாகத் திரும்பும் என்று நினைத்தேன். அவர் தூக்கி வந்த விதத்தில் அது காலியாகத் தெரியவில்லை.

சாப்பாட்டு மேஜையில் அக்காவுக்கு முன்னால் அதை வைத்தார். எப்போதும் செய்வது மாதிரி மேஜையின் விளிம்புக்கு நேராக அதைத் திருப்பவில்லை. வைத்தது வைத்தபடி இருந்தது.

"என்ன இது?" என்றாள் அக்கா.

"புதுசா எடுக்கப்போறதுக்கு வாங்கின டிஸ்க்கு. பழசும் இருக்கு. நல்லதெல்லாம் லேப்ல இருக்கட்டும்." பெட்டியின் மேல் கையை வைத்தார். "நான் குப்பைன்னு ஒதுக்குறதெல்லாம் இனிமே உன்கிட்ட குடுத்துடறேன். நீ வச்சிரு."

அக்கா பெட்டியைப் பார்த்தாள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். நான் திருகாணியைத் திருகாமல் காத்திருந்தேன்.

"எங்க வைக்கிறது? என் அலமாரியெல்லாம் காத்தோட்டமா இருக்கட்டும்னு காலி பண்ணிட்டு, அதுல நீங்கதான உங்க புத்தகத்த அடுக்கி வச்சீங்க."

அத்தான் தலையாட்டினார். அலமாரிக்குப் போய், நடுத் தட்டில் உயரவாரியாக நிற்கவைத்திருந்த புத்தகங்களைக் கை நிறைய அள்ளித் தரையில் வைத்தார். அவை சரிந்து விழுந்தன. அவர் குனிந்து அடுக்கவில்லை, அடுத்த தட்டையும் காலிசெய்ய ஆரம்பித்தார்.